பூட்டு யாருடைய காசில்? ட்ரெயிலர்ப் பாதுகாப்புச் சாமான்களும் வன்னிச் சாரதியின் சம்பளமும்

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ஒரு துண்டை நீட்டுவார். கிங்பின் பூட்டு ஒன்று, காற்றுக்குழாய்ப் பூட்டு ஒன்று, ஆமைப்பூட்டு இரண்டு, ராட்செட் பெல்ட் ஆறு, படங்கு ஒன்று, கயிறு இரண்டு கட்டு. "இதுகள் இல்லாமல் கம்பனியில லோட் தரமாட்டினம் தம்பி, நீர்தான் பாக்கவேணும்."

முதல் பாதி உண்மை. பூட்டும் பெல்ட்டும் இல்லாத வண்டிக்குச் சரக்குக்காரர் லோட் கொடுக்கத் தயங்குவார்கள். வன்னியிலிருந்து நெல்லும் உளுந்தும் கச்சானும் ஏற்றிக் கொழும்புக்குப் போய், சீமெந்தும் உரமும் கடைச் சாமானும் ஏற்றித் திரும்பும் வண்டி இரவில் எங்காவது நிற்கத்தான் வேண்டும். நிற்கிற இடத்தில் களவும் போகும். இரண்டாம் பாதிதான் சிக்கல். அந்தச் சாமானைச் சாரதி வாங்குவதா, முதலாளி வாங்கிச் சம்பளத்தில் பிடிப்பதா, முதலாளியே கொடுப்பதா, வைப்புப்பணம் கட்டி எடுப்பதா? வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வண்டி ஓடுகிறவர்கள் இந்த நான்கில் ஒன்றில் மாட்டிக்கொண்டு, எது நட்டம் குறைந்தது என்று கேட்கிறார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையை மட்டும் பார்த்தால் பிழைக்கும். ஐந்து கேள்விகளை முன்னால் வையுங்கள்.

1. வேலையை விட்டால் சாமான் யாரிடம் நிற்கும்?
2. தொலைந்தால், தேய்ந்தால், களவு போனால் யார் மாற்றுவது?
3. சம்பளத்தில் எவ்வளவு குறைகிறது, எந்த வழியாகக் குறைகிறது?
4. சாமானின் தரத்தைத் தெரிவு செய்கிறவர் யார்?
5. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் பொலிஸ் முன்னாலும் காப்புறுதிக்காரர் முன்னாலும் காட்ட என்ன தாள் இருக்கும்?

ஐந்தாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாகனக் காப்புறுதி வழமையாக வாகனத்துக்குத்தான். ஏற்றிய சரக்குக்குத் தனிக் காப்புறுதி எடுக்கவேண்டும். அந்தக் காப்புறுதியில் வண்டி பூட்டியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தால், பூட்டு இருந்ததற்கான சிட்டையும் படமும்தான் சாரதியைக் காப்பாற்றும்.

## முதலில் சாமானைப் பிரியுங்கள்

பட்டியல் முழுவதையும் ஒரே மூட்டையாக எடுத்துப் பேசினால் எப்போதும் சாரதிதான் தோற்பார். சில சாமான் வண்டியோடு பிறந்தது, சில சாரதியின் கையோடு போவது, சில ஒரு தடவை பாவித்தால் முடிந்தது.

கிங்பின் பூட்டு. பிரைம் மூவரை, அதாவது இழுக்கும் தலைவண்டியைக் கழற்றி ட்ரெயிலரைத் தனியே விட்டுப் போகும்போது, இரண்டையும் இணைக்கும் கிங்பின் என்ற தடித்த ஆணியில் அடியிலிருந்து மாட்டுவது. பின்னின் அளவு பெரும்பாலும் 2 அங்குலம், பாரமான சுமைக்கான ட்ரெயிலர்களில் 3½ அங்குலம். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது. ட்ரெயிலரை ஒருநாளும் தனியே விடாத வண்டிக்கு இது தேவையே இல்லை. 14½ அடி, 17 அடி லொறி ஓட்டுகிறவரின் பட்டியலிலும் இது எழுதியிருந்தால், அந்தப் பட்டியல் வேறு யாருக்கோ தயாரித்தது. வெட்டச் சொல்லுங்கள்.

காற்றுக்குழாய்ப் பூட்டு. ட்ரெயிலருக்குக் காற்றுக் கொண்டுபோகும் சிவப்புக் குழாயின் இணைப்பில் மாட்டுவது. அதனால் ட்ரெயிலருக்குக் காற்றுப் போகாது, ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கின் பலத்தில் பிடிக்கும் பிரேக்) விடாது, வண்டியை இழுக்க முடியாது. ஆனால் ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய ட்ரெயிலர்களில் பிரேக்கைப் பிடித்து வைப்பது தாங்கியில் உள்ள காற்று. அது மெல்ல மெல்லக் கசிந்து சில மணித்தியாலத்தில் பிரேக் விட்டுவிடும். அங்கே இந்தப் பூட்டை நம்பிக் காசு போடுவது வீண். சில்லுக்குக் கட்டை வைப்பதும் கிங்பின் பூட்டும்தான் வேலை செய்யும். இணைப்பின் வடிவமும் வண்டிக்கு வண்டி மாறும், போட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

ஆமைப்பூட்டு. வளையம் 11, 12 மில்லிமீற்றர் தடிப்பு, உறுதியேற்றிய உருக்கு, பூட்டிய பின் வளையம் வெளியே தெரிவது மிகக் குறைவாக இருக்கவேண்டும். நீண்ட வளையமுள்ள பித்தளைப் பூட்டைக் கம்பி வெட்டி ஒரே அமுக்கில் முடித்துவிடும். ஆனால் பூட்டு எவ்வளவு நல்லதானாலும் அதை மாட்டும் கொண்டி 3 மில்லிமீற்றர் தகடாக இருந்தால் கள்ளன் பூட்டைத் தொடவே மாட்டான், கொண்டியை நெம்புவான். 6 மில்லிமீற்றர் தகட்டில் கொண்டி அடித்து, நட்டைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடுவது வெல்டிங் பட்டறையில் ஒரு மணித்தியால வேலை. அந்தச் செலவு முதலாளியுடையது, ஏனென்றால் கொண்டி வண்டியில் நிற்கும்.

வன்னியில் பூட்டைக் கெடுப்பது கள்ளனைவிடப் புழுதி. கிரவல் வீதிச் செம்புழுதி துளைக்குள் போய் அடைக்கும். அதற்கு எஞ்சின் ஒயிலோ கிறீஸோ விட்டால் புழுதி பசையாகி, ஒரு காலையில் திறப்பு பாதியில் நிற்கும். கிராபைட் தூள் போடுங்கள், திறப்புத் துளை கீழே பார்க்கும்படி பூட்டுங்கள். முல்லைத்தீவுக் கரையிலும் ஆனையிறவுப் பக்கத்திலும் அடிக்கடி நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்றும் சேரும். மாதத்துக்கு ஒருமுறை கழுவி உலர்த்தித் தூள் போடாத பூட்டு நெடுநாள் வராது.

ராட்செட் பெல்ட். பல்சக்கரப் பிடியால் இறுக்கிச் சரக்கைக் கட்டும் பட்டி. 50 மில்லிமீற்றர் அகலம், நீல லேபல் என்றால் பொலியெஸ்டர். லேபலில் 2500 டெக்காநியூட்டன் என்று இருந்தால் நேராக இழுக்கும்போது ஏறத்தாழ இரண்டரைத் தொன் தாங்கும் என்று அர்த்தம். அது சுமையைக் கீழே அழுத்தும் பலம் அல்ல. சாதாரண ராட்செட்டைக் கையால் இறுக்கினால் கிடைப்பது சுமார் 300 கிலோதான். அதுவும் பெல்ட் நெட்டாக இறங்காமல் வண்டித் தட்டோடு 30 பாகைக் கோணத்தில் சாய்ந்து போனால் பாதியாகிவிடும். இரண்டு பெல்ட் போட்டு "ஐந்து தொன் பிடிக்கும்" என்று ஓடியவர்களின் மூட்டைதான் வளைவில் சரிகிறது. ஓரம் வெட்டுப்பட்ட பெல்ட்டையும் லேபல் போன பெல்ட்டையும் பாரமான சரக்குக்குப் பாவிக்கக்கூடாது.

படங்கும் கயிறும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை படங்கில்லாமல் ஒரு மூட்டையும் நகராது. படங்கு வண்டியின் நீளத்துக்கு வெட்டியது, அதனால் வண்டிக்கே சொந்தம்.

சீல். கண்டெய்னருக்குப் போடும் ஆணிச் சீல் ஒரு தடவைக்குத்தான். ஐஎஸ்ஓ 17712 தரத்தில் எச் வகை என்று பொறித்திருக்கும். இதைச் சரக்கை அனுப்புகிறவர் கொடுத்து, இலக்கத்தைத் தாளில் எழுதவேண்டும். சாரதியின் காசில் வாங்கிய சீலுக்குப் பெறுமதியே இல்லை: கதவைத் திறக்கக்கூடியவர் கையில் மாற்றுச் சீலும் இருந்தால் அது பூட்டாகாது. சீலுக்குக் காசு பிடித்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

## வழி 1: சாரதி தானே வாங்குவது

ஹயர் கணக்கில் ஓடுகிறவர், பதில் சாரதியாகப் போகிறவர், சொந்த வண்டிக்காரர் ஆகியோருக்கு இது பொருந்தும். சாமான் உங்களுடையது, முதலாளி மாறினாலும் கூட வரும். தரத்தை நீங்களே தெரிவு செய்யலாம். ஆமைப்பூட்டுக்கும் பெல்ட்டுக்கும் இதுதான் சிறந்த வழி என்பது எங்கள் முடிவு. உங்கள் தலைக்கு வரும் பொறுப்பை இன்னொருவர் வாங்கிய மலிவுப் பூட்டில் தொங்கவிடக்கூடாது.

மறைந்த செலவுகள் உண்டு. அடுத்த முதலாளியின் வண்டியில் கொண்டியின் துளை சிறிதாக இருந்தால் உங்கள் 12 மில்லிமீற்றர் வளையம் புகாது. பக்கத்தில் குழிகள் போட்ட திறப்பைச் சின்னக் கடையில் வெட்டமுடியாது, திறப்பின் இலக்கம் எழுதிய அட்டை தொலைந்தால் கிரைண்டரால் அறுப்பதுதான் வழி, அதோடு பூட்டுப் போனது. நெல்லாலை வரிசையில் நிற்கும்போது பெல்ட் காணாமல் போகும். கள்ளர் எடுப்பதைவிட, பக்கத்து வண்டிக்காரர் "ஒருக்காத் தாங்கோ அண்ணை" என்று வாங்கிப்போய்த் திருப்பாததுதான் கூட. இரண்டு முனையிலும் உங்கள் நிறத்தில் பெயின்ற் அடித்து, பெயரை நூலால் தைத்து வையுங்கள்.

கிங்பின் பூட்டையும் படங்கையும் இந்த வழியில் வாங்காதீர்கள். இரண்டும் அடுத்த வண்டிக்குச் சேராது.

## வழி 2: முதலாளி வாங்கிச் சம்பளத்தில் பிடிப்பது

கையில் காசில்லாத புதுச் சாரதிக்கு இது இலேசாகத் தெரியும். வன்னியில் ஆகக் கூட நடப்பதும் இதுதான், ஆகக் கூடச் சண்டை வருவதும் இதில்தான். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

கணக்குக்கு ஒரு தொகை வைப்போம். சாமான் 30,000 ரூபா, ஆறு மாதம், மாதம் 5,000. நான்காம் மாதம் வேலையை விட்டால் 20,000 கட்டியாயிற்று. வழமையாக மிச்சம் 10,000ஐக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துவிட்டு, "வண்டிச் சாமானை வண்டியில வைச்சிட்டுப் போம்" என்பார்கள். காசும் போய்ச் சாமானும் போகும். அடுத்த சாரதியிடமும் அதே சாமானுக்கு மறுபடி பிடிப்பார்கள். ஒரே பெல்ட் மூன்று சாரதிகளின் சம்பளத்தில் வாங்கப்படுவது இப்படித்தான்.

இரண்டாவது ஓட்டை கண்ணுக்குத் தெரியாதது. சில இடங்களில் 5,000ஐச் சம்பளச் சிட்டையில் கழிவாகக் காட்டாமல், சம்பளத்தையே 5,000 குறைத்து எழுதுவார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம். குறைத்து எழுதிய 5,000க்கு மாதம் 600உம் 150உம் உங்கள் கணக்குக்கு வராது. ஆறு மாதத்தில் 4,500 ரூபா. உங்கள் சம்பளத்தில் பிடிக்கவேண்டிய 8 சதவீதம், அதாவது மாதம் 400, அதுவும் நிதியில் சேராமல் போகிறது. சம்பளம் முழுதாக எழுதப்பட்டு, கழிவு தனி வரியில் நிற்கவேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று ஒரு சம்பளச் சபை இருக்கிறது. அந்தச் சட்டப்படி முதலாளி நினைத்ததையெல்லாம் சம்பளத்தில் கழிக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட கழிவுகளை மட்டும், அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடு கழிக்கலாம். நீங்கள் ஒப்பமிடாத கழிவைத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். கையில் சம்பளச் சிட்டை இருக்கவேண்டும், வாய்க்கணக்குச் செல்லாது.

இந்த வழியை எடுத்தே ஆகவேண்டுமானால், தொடங்க முதலே மூன்றைக் கேளுங்கள்: கடைச் சிட்டையின் பிரதி, மொத்தத் தொகையும் தவணை எண்ணிக்கையும் எழுதிய தாள், கடைசித் தவணையோடு சாமான் சாரதிக்குச் சொந்தம் என்ற ஒரு வரி. சிட்டை காட்ட மறுத்தால் விலையில் ஏதோ ஏற்றியிருக்கிறது.

## வழி 3: முதலாளியே வாங்கி, ஒப்பம் வாங்கிக் கொடுப்பது

மாதச் சம்பளத்தில் நிரந்தரமாக ஓடுகிறவருக்கும், ஒரே ட்ரெயிலரை இரண்டு மூன்று சாரதிகள் மாறிமாறி இழுக்கும் இடத்துக்கும் இதுதான் நியாயமான வழி. கிங்பின் பூட்டு, காற்றுக்குழாய்ப் பூட்டு, படங்கு, கொண்டி வேலை நான்கும் எந்தச் சூழலிலும் இப்படித்தான் வரவேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சாரதிக்குக் காசு போகாது. ஆனால் வேறு மூன்று விதமாகக் கடிக்கும். முதலாவது தரம்: ஆகக் குறைந்த விலைப் பூட்டு வரும். இரண்டாவது திறப்பு: ஆறு வண்டிக்கும் ஒரே திறப்பில் திறக்கும் பூட்டுத் தொகுதி வாங்கினால் நிர்வாகத்துக்கு வசதி, ஆனால் ஒரு திறப்புத் தொலைந்தால் ஆறு வண்டியும் திறந்த மாதிரித்தான், சந்தேகம் ஆறு சாரதிகள் மேலும் விழும். மூன்றாவது பழி: முந்திய சாரதி வெட்டிய பெல்ட்டும் கிழித்த படங்கும் உங்கள் பெயரில் எழுதப்படும்.

அதனால் பொறுப்பெடுக்கும் நேரத்தில் பதினைந்து நிமிடம் செலவழியுங்கள். பெல்ட் ஒவ்வொன்றையும் முழு நீளத்துக்கும் விரித்து ஓரம் பாருங்கள், ராட்செட்டின் பல் தேய்ந்து வழுக்குகிறதா என்று இரண்டு தரம் இறுக்கிப் பாருங்கள். படங்கை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தால் ஊசித் துளையும் தெரியும். பூட்டை ஐந்து முறை பூட்டித் திறவுங்கள். போனில் படம் எடுத்து, அன்றைக்கே முதலாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் அதிலேயே நிற்கும்.

## வழி 4: வைப்புப்பணம் கட்டி எடுப்பது

சாமான் முதலாளியுடையது, சாரதி ஒரு தொகை கட்டி எடுத்து, விலகும்போது சாமானைக் கொடுத்துக் காசைத் திரும்பப் பெறுவார். ஒரு போகம், அதாவது மாசி பங்குனி அறுவடைக் காலத்துக்கு மட்டும் ஓட வருகிறவருக்கு இது பரவாயில்லை. "தேய்மானம்" என்ற சொல்லில்தான் காசு கரையும். பூட்டு, பெல்ட், படங்கு ஒவ்வொன்றுக்கும் தேய்மானம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதவேண்டும். பற்றுச்சீட்டில் "திருப்பித் தரப்படும்" என்ற சொல் இல்லையென்றால் அது வைப்புப்பணம் இல்லை. வண்டி லீசிங்கில் தடுமாறுகிறது என்று கேள்விப்பட்டால் இந்த வழிக்குப் போகவே வேண்டாம். வண்டியை இழுத்துக்கொண்டு போனபின் வைப்புப்பணத்தைக் கேட்க ஆளிருக்காது.

## ஒரே பார்வையில்

| | தானே வாங்குவது | சம்பளத்தில் பிடிப்பது | முதலாளி கொடுப்பது | வைப்புப்பணம் |
|---|---|---|---|---|
| விலகும்போது சாமான் | சாரதியிடம் | எழுதாவிட்டால் முதலாளியிடம் | முதலாளியிடம் | முதலாளியிடம் |
| தொலைந்தால் | சாரதி | வழமையில் சாரதி | தாளில் எழுதியபடி | வைப்பில் கழியும் |
| சம்பளத்தில் | ஒரே தடவைச் செலவு | மாதாமாதம், சேமலாப நிதியிலும் ஓட்டை வரலாம் | இல்லை | முன்பணம் முடங்கும் |
| தரத் தெரிவு | சாரதி | முதலாளி | முதலாளி | முதலாளி |
| தேவையான தாள் | கடைச் சிட்டை | சிட்டைப் பிரதி, தவணைத் தாள், சம்பளச் சிட்டை | ஒப்படைப்புத் தாள், படம் | பற்றுச்சீட்டு, தேய்மானப் பட்டியல் |
| பொருந்துவது | ஆமைப்பூட்டு, பெல்ட் | வேறு வழியில்லாதபோது பெல்ட் மட்டும் | கிங்பின், காற்றுக்குழாய்ப் பூட்டு, படங்கு | ஒரு போக வேலை |

## யாருக்கு எது

கண்டெய்னர் ட்ரெயிலரை மாதச் சம்பளத்துக்கு இழுக்கிறவர் மூன்றாம் வழியைக் கேளுங்கள். கதவுக்கு மட்டும் உங்கள் சொந்த ஆமைப்பூட்டு ஒன்றைப் போட்டு, ஒரு திறப்பை முதலாளியிடம் ஒப்பத்துக்குக் கொடுங்கள். உங்கள் திறப்பை எஞ்சின் திறப்போடு ஒரே வளையத்தில் கோர்க்காதீர்கள். கராஜில் வண்டியை விடும்போது இரண்டும் சேர்ந்தே கைமாறும்.

நெல், உரம் ஏற்றும் திறந்த லொறியில் ஹயர் கணக்குக்கு ஓடுகிறவர் பெல்ட்டைச் சொந்தமாக வாங்குங்கள், ஆறையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. மாதம் இரண்டாக மூன்று மாதத்தில் சேர்த்தால் இரண்டாம் வழியைப் போலவே காசு தவணையாகத்தான் போகும், ஆனால் ஒவ்வொரு பெல்ட்டும் வாங்கிய நாளிலிருந்து உங்களுடையது. அதுவரை முதலாளியின் பெல்ட்டும் கயிறும் போதும். ஏற்றிய மூட்டை ஓட ஓட அமரும், பெல்ட் தளரும். முல்லைத்தீவிலிருந்து வருகிறவர் ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் மாங்குளத்தில் ஏ9 வீதிக்கு ஏறும்போது ஒருதரம் இறுக்கவேண்டும். வடக்கிலிருந்து வருகிறவர் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் இறங்கித் தேங்காய் உடைப்பார், அந்த நேரத்திலேயே வண்டியைச் சுற்றிவந்து பெல்ட்டையும் பூட்டையும் தொட்டுப் பார்க்கலாம்.

கண்டெய்னர்க்காரர் அங்கே சீலையும் பார்க்கவேண்டும். இலக்கத்தைத் தாளோடு ஒப்பிட்டு, கீழே இழுத்து, முறுக்கிப் பாருங்கள். கையோடு கதவுக் கைபிடியின் கடாவாணியையும் (ரிவெட்) பாருங்கள். சீலைத் தொடாமல் அந்த ஆணியைக் கழற்றிக் கதவைத் திறந்து, பிறகு புது ஆணி அடித்து விடுகிற களவு இருக்கிறது. பெயின்ற் உரிந்த ஆணியோ, மற்றதைவிடப் பளபளக்கிற ஆணியோ கண்டால் உடனே படம் எடுத்து அனுப்புங்கள். வழியில் சோதனைக்காகச் சீலை வெட்டினால் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதி ஒப்பம் வாங்கி, புதுச் சீலின் இலக்கத்தையும் எழுதவேண்டும். வெட்டிய இரண்டு துண்டையும் எறியாமல் சரக்கோடு ஒப்படையுங்கள்.

## ஏற்கெனவே காசு பிடித்துக்கொண்டிருந்தால்

இதுவரை பிடித்த தொகையை மாதம் மாதமாக ஒரு தாளில் எழுதுங்கள். சாமானின் கடைச் சிட்டையைக் கேளுங்கள். கட்டிய தொகை பெல்ட்டினதும் ஆமைப்பூட்டினதும் விலையைத் தாண்டிவிட்டதென்றால், அந்த இரண்டையும் உங்கள் பெயரில் எழுதி, கிங்பின் பூட்டும் படங்கும் வண்டிக்கு என்று வைத்து, தவணையை அத்தோடு நிறுத்தும்படி கேட்கலாம். பல முதலாளிகள் இதற்கு இணங்குவார்கள், ஏனென்றால் வண்டியோடு நிற்கவேண்டியது அவர்களிடமே நிற்கிறது. பேச்சு முடிந்ததும் இரண்டு பிரதி எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள், திகதி போடுங்கள், பூட்டின் இலக்கத்தையும் பெல்ட்டின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். இதைக் கடைசிச் சம்பளம் வாங்கும் நாள்வரை தள்ளாதீர்கள். வண்டி இன்னொரு சாரதியோடு வீதிக்கு ஏறிவிட்டால், அதில் கட்டியிருக்கும் ஆறு பெல்ட்டில் உங்களுடையது எது என்று காட்ட முடியாது.